சாம்பாரில் கோதுமை இருக்கிறதா? டெல்லி ஹோட்டல்களில் எப்படிக் கேட்கிறீர்கள்?

மயூர்விஹார் அம்மா:

என் பெண்ணுக்கு ஒன்பது வயது. சீலியாக் என்று உறுதியாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்க ஆரம்பித்துவிடும். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்கக் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். எடை ஏறவில்லை, ரத்தசோகை தீரவில்லை என்று இரண்டு மூன்று டாக்டர்களிடம் அலைந்த பிறகு, ஒரு புண்ணியவதி ரத்தத்தில் டி.டி.ஜி. என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கச் சொன்னார். அப்புறம் எண்டோஸ்கோப்பி. சரி, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நாம என்ன பஞ்சாபியா? அரிசி திங்கிற ஜனம். சப்பாத்தியை விட்டா முடிஞ்சது." வீட்டுக்குள் அது உண்மைதான். இட்லி, தோசை, பொங்கல், சேவை, அடை என்று வண்டி ஓடுகிறது. வெளியே போனால்தான் தலைவலி.

போன மாதம் ஒரு மாலில், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் தென்னிந்திய உணவகம் ஒன்றுக்குப் போனோம். மெனு அட்டை அழகாக இருந்தது. ஒவ்வொரு தோசைக்குப் பக்கத்திலும் இத்தனை கிலோகலோரி என்று போட்டிருந்தார்கள். அடியில், சராசரியாக ஓடியாடி வேலை செய்யும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவை என்ற வாசகம். சர்வர் பையனிடம் சாம்பாரில் கோதுமை இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "சாம்பார் மே கேஹூன் கஹான் ஸே ஆயேகா, மேடம்?" சாம்பாரில் கோதுமை எங்கிருந்து வரும் என்கிறான். மேனேஜர் வந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைக் காட்டினார். பால், முந்திரி, சோயா, குளூட்டன் என்று கட்டம் கட்டமாக இருந்தது. சாம்பார் வரிசையில் ஒரு டிக்கும் இல்லை. பெருங்காய டப்பாவைக் காட்ட முடியுமா என்றேன். "ஹீங்? வோ தோ மசாலா ஹை" என்றார், பெருங்காயம் வெறும் மசாலாதானே என்று.

அந்த மசாலாவில்தான் பிரச்சினை. நம் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வீட்டில் அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறிவிட்டேன். ஹோட்டலில் என்ன செய்வது?

இதற்குச் சட்டம் எதுவும் இருக்கிறதா? கலோரியைப் போடத் தெரிந்தவர்களுக்கு இதைப் போட என்ன கஷ்டம்? ஹோட்டல் அடுப்படியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எதில் என்ன சேர்கிறது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். "வெளியே சாப்பிடாதீர்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். குழந்தைக்குப் பிறந்தநாள் பார்ட்டி இருக்கிறது, ஸ்கூல் டூர் இருக்கிறது. எத்தனை நாள்தான் டப்பா கட்டிக் கொடுப்பேன்?

---

அடுப்படிக்காரன்:

அம்மா, நான் கரோல்பாக் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் தோசை மாஸ்டர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கேட்டதால் உள்ளபடியே சொல்கிறேன்.

சாம்பாருக்கு நாங்கள் தூள் போடுவதில்லை. கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றுவோம். கட்டியிலும் மாவு உண்டு, அதனால் உங்கள் சந்தேகம் சரிதான். ரசம், தேங்காய்ச் சட்னித் தாளிப்பு, மிளகாய்ப் பொடி எல்லாவற்றிலும் அதே பெருங்காயம்தான்.

ஆனால் நீங்கள் பெருங்காயத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தோசைக்கல்லைப் பாருங்கள். ரவா தோசை மாவில் ரவையோடு மைதாவும் சேரும். அதே கல்லில் ரவா தோசை ஊற்றி எடுத்து, தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உங்கள் பெண்ணுக்கு மசாலா தோசை ஊற்றுவோம். கூட்ட நேரத்தில் அந்த இழுப்பும் பாதிதான். தோசைத்திருப்பி ஒன்றே ஒன்று. எங்கள் கடையில் சாயங்காலம் பரோட்டாவும் அதே கல்தான்.

எண்ணெய்ச் சட்டி இன்னொன்று. பூரி பொரித்த எண்ணெயில்தான் உளுந்து வடை. சில கடைகளில் வடை எண்ணெய் குடிக்காமல் இருக்க மாவிலேயே கொஞ்சம் ரவையோ மைதாவோ தட்டிவிடுவார்கள். இட்லி மாவு நம்மவர் கடையில் அரிசி உளுந்துதான். வண்டிக்கடைகளிலும் வடக்கத்திக்காரர் கடைகளிலும் சூஜி இட்லி, அதாவது ரவை இட்லி, நிறைய ஓடுகிறது, பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. இங்கே தோசை மாவிலும் சீக்கிரம் சிவக்கட்டும் என்று சூஜி கலக்கிறவர்கள் உண்டு.

அடுப்படியில் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. கோதுமை விஷயமாக மேலிடத்திலிருந்து எங்களிடம் ஒருவரும் ஒன்றும் சொன்னது கிடையாது. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் கேட்பது தலைத்தொப்பி, தண்ணீர்த் தொட்டி, கரப்பான், எலி. அவ்வளவுதான்.

---

ஆர்.கே.புரம் பென்ஷனர்:

சட்டம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் 2020-இல் லேபிளிங், காட்சிப்படுத்தல் குறித்து ஒழுங்குமுறைகள் கொண்டுவந்தது. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்களும் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பரிமாறும் அளவையும் கிலோகலோரியையும் போட வேண்டும். நீங்கள் பார்த்த அந்த 2,000 கிலோகலோரி வாசகமும் அதில் உள்ளதுதான். முதலில் 2022 ஜனவரி என்றார்கள், பிறகு 2022 ஜூலை 1-க்குத் தள்ளிப் போனது.

பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. அதே உணவகங்கள் ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிய தகவலையும் மெனுவில் தர வேண்டும். பட்டியலில் எட்டு வகை: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட். ஆக உங்கள் சாம்பார் வரிசையில் டிக் இல்லாதது அலட்சியம். செயலிகளில் ஆர்டர் செய்யும்போதும் இந்தத் தகவல் காட்டப்பட வேண்டும்.

எங்கே புகார் செய்வது என்றால், ஃபுட் சேஃப்டி கனெக்ட் என்று ஆணையத்தின் செயலியே இருக்கிறது. பில்லை வைத்துக்கொள்ளுங்கள். அதில் அந்தக் கிளையின் 14 இலக்க உரிம எண் இருக்கும், அதைக் குறிப்பிட்டால் புகார் சரியான இடத்துக்குப் போகும். மெனுவையும் அந்தப் பிளாஸ்டிக் உறைத் தாளையும் படம் எடுத்திருந்தீர்களா?

அடுப்படிக்காரன் தம்பி வேலை செய்வது போன்ற கடைகளுக்கு இந்த மெனு விதி கிடையாது. தில்லியில் நாம் சாப்பிடும் பெரும்பாலான இடங்கள் அந்த வகைதான். இங்குள்ள மலை மந்திர் முருகன் கோயிலின் புளியோதரைப் பிரசாதத்துக்கு மெனு ஏது? அதிலும் பெருங்காயம் உண்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். முருகன் மன்னிப்பான்.

---

லேப் கோட்:

நான் நொய்டாவில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மாஸ்டர் அண்ணா சொன்னதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவில் ஒரு பொருளை "குளூட்டன் ஃப்ரீ" என்று விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. பெரும்பாலான சீலியாக்காரர்களுக்கு ஒரு நாளில் மொத்தம் 10 மில்லிகிராம் வரை தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தினமும் 50 மில்லிகிராம் தொடர்ந்து போனால் குடல் கெடும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். மைதாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10 லிட்டர் சாம்பாருக்கு 6 கிராம் பெருங்காயம், அதில் பாதி மைதா என்று வைப்போம். 3 கிராம் மைதா, 300 மில்லிகிராம் குளூட்டன். அதாவது லிட்டருக்கு 30. ஒரு கிண்ணம் 150 மில்லி என்றால் நாலரை மில்லிகிராம். இரண்டாவது கிண்ணத்தில் ஒன்பது. மூன்றாவது முறை வாங்கிக்கொண்டால் அன்றைய அளவு தாண்டிவிட்டது. டெல்லியில் சாம்பார் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது கல்லுக்கு வாருங்கள். ரவா தோசை சுட்ட இடத்தில் கால் கிராம் மைதா ஒட்டிக்கொண்டிருந்து, அது அப்படியே அடுத்த தோசையோடு வந்தால் 25 மில்லிகிராம். ஒரே தோசையில் இரண்டரை நாள் அளவு. அதனால் மாஸ்டர் சொன்ன வரிசைதான் என் வரிசையும்: முதலில் கல், அப்புறம் எண்ணெய், அதற்கப்புறம்தான் பெருங்காயம்.

இது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கணக்கு மட்டும்தான். சாம்பார் சாப்பிடலாம் என்ற அனுமதி இல்லை. எந்தக் கடை எவ்வளவு போடுகிறது என்பதை டெஸ்ட் செய்யாமல் சொல்ல முடியாது, குழந்தைக்குக் குழந்தை தாங்கும் அளவும் மாறும். உங்கள் டயட்டீஷியனிடம் இதே கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று, "நாம என்ன பஞ்சாபியா" என்பவர்களுக்கு. 2016-இல் இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்த ஆய்வு வெளிவந்தது. சீலியாக் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. ஆனால் இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், சுமார் மூன்றில் ஒருவரிடம் இருந்தன. பெரிய வித்தியாசம் சாப்பிடும் கோதுமையின் அளவில். டெல்லியில் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தை மதியம் ரொட்டி, சாயங்காலம் மோமோ, ராத்திரி மேகி என்று சாப்பிடுகிறது. தாத்தா பாட்டிக்கு இல்லாதது பேரனுக்கு வராது என்று நினைக்க இடமில்லை.

---

மயூர்விஹார் அம்மா:

லேப் கோட், இந்தக் கணக்கை அப்படியே அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டப்போகிறேன். பெருங்காயத்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன், கல்லைப் பற்றி யாருமே எனக்குச் சொல்லவில்லை. மருத்துவமனையில் கொடுத்த தாளில் "பிஸ்கட், பிரெட், நூடுல்ஸ் தவிர்க்கவும்" என்று இருந்தது. ரவா தோசைக்குப் பக்கத்துத் தோசை என்று அதில் எங்கே எழுதியிருப்பார்கள்?

பென்ஷனர் ஐயா, படம் இருக்கிறது, பில்லும் இருக்கிறது. புகார் கொடுக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த மேனேஜர் நாளைக்கே சாம்பார் வரிசையில் டிக் போட்டுவிடுவார். அடுத்த வாரம் பயந்துபோய் எல்லா வரிசையிலும் டிக் போட்டுவிடுவார். அப்போது என் பெண்ணுக்கு அங்கே தண்ணீர் பாட்டில்தான் மிஞ்சும். எனக்கு வேண்டியது, எதைச் சாப்பிடலாம் என்று தெரிந்து சொல்லக்கூடிய ஒரு ஆள்.

---

சர்க்கரைக்காரன்:

குறுக்கே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கலோரி போடுவதைக் கிண்டல் செய்வதுபோல் படுகிறது. எனக்குச் சர்க்கரை. 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. சீலியாக்கோடு ஒப்பிட்டால் எங்கள் கூட்டம்தான் பெரிது. நெய் ரோஸ்ட்டுக்குப் பக்கத்தில் எண்ணைப் பார்த்த பிறகு இரண்டு இட்லிக்கு இறங்கி வந்திருக்கிறேன். என் குறை வேறு: கலோரியைப் போடுகிறவர்கள் உப்பைப் போடுவதில்லை, மாவுச்சத்தைப் போடுவதில்லை. எனக்கு ரத்த அழுத்தமும் உண்டு. நாளைக்கு 5 கிராம் உப்புதான் என்கிறார்கள். ஹோட்டல் சாம்பார், சட்னி, பொடி எல்லாம் சேர்த்தால் காலை டிபனிலேயே எவ்வளவு போய்விடுகிறதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அப்புறம், சின்னக் கடைகளையும் இந்த விதிக்குள் இழுக்காதீர்கள். மாவு அரைக்கவும் ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

---

லேப் கோட்:

கலோரி எண் பயனில்லாதது இல்லை, பலன் சிறியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2025 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பாய்வு, மெனுவில் கலோரி போட்டால் மக்கள் தேர்ந்தெடுக்கும் கலோரி சராசரியாக 1.8 சதவீதம் குறைகிறது என்கிறது. 600 கிலோகலோரிச் சாப்பாட்டில் 11 கிலோகலோரி. லட்சக்கணக்கானோர் தினமும் சாப்பிடும்போது அதற்கும் மதிப்பு உண்டு. உப்பு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பல கிளைகள் உள்ள கடையாக இருந்தால் ஊட்டச்சத்து விவரத்தைக் கேளுங்கள். கேட்டால் கையேடாகவோ இணையதளத்திலோ தர வேண்டும்.

---

ஆர்.கே.புரம் பென்ஷனர்:

கலோரிக்கு வரம்பு வைப்பதில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 20 கிளை, இங்கிலாந்தில் 250 ஊழியர், இங்கே 10 இடங்கள். கலோரியைக் கணக்கிடச் செலவாகும். ஆனால் மாவில் மைதா இருக்கிறதா என்று சொல்ல எந்தப் பரிசோதனைக்கூடமும் வேண்டாம், மாஸ்டருக்கே தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் 14 ஒவ்வாமைப் பொருட்கள் விஷயத்தில் சின்னக் கடைக்கும் விலக்கு கிடையாது. அவர்கள் பட்டியலில் எள்ளும் கடுகும் இருக்கின்றன, நம் எட்டில் அவை இல்லை. எள்ளுருண்டையும் கடுகுத் தாளிப்பும் உள்ள நாட்டில் இது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. கலோரி, ஒவ்வாமை இரண்டையும் ஒரே விதியில் கட்டி, ஒரே வரம்பு வைத்ததுதான் கோளாறு என்பது என் கட்சி. ஒருவரும் கேட்கப்போவதில்லை, இருந்தாலும் மனு எழுதுவேன். பென்ஷனருக்கு வேறென்ன வேலை?

---

முனிர்க்கா பி.ஜி.:

அக்கா, எனக்கும் சீலியாக். மதுரையிலிருந்து படிக்க வந்து, இங்கே பி.ஜி. விடுதியில் ரொட்டியாகத் தின்று, இரண்டாம் வருடத்தில் கண்டுபிடித்தார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

"குளூட்டன்" என்றால் யாருக்கும் புரியாது. "ஆட்டா, மைதா, சூஜி, தலியா, சாரோ மனா ஹை, அலர்ஜி ஹை, ஹாஸ்பிட்டல் ஜானா படேகா" என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொல்வேன். கோதுமை மாவு, மைதா, ரவை, கோதுமை நொய் நாலும் கூடாது, அலர்ஜி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும் என்று அர்த்தம். ஆட்டா மட்டும் சொன்னால் மைதா போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மைதாவும் கோதுமைதான் என்பது பல சர்வர்களுக்குத் தோன்றுவதே இல்லை. இது அலர்ஜி கிடையாது என்று டாக்டர் திருத்துவார், ஆனால் ஹோட்டலில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மரியாதை. வேர்க்கடலை அலர்ஜிக்காரர்கள்போல உடனே மூச்சுத் திணறாது என்பதால் பின்னால் வந்து கேட்கவும் மாட்டார்கள்.

நவராத்திரியில் டெல்லி நமக்குச் சொர்க்கம். விரதத் தாலியில் கோதுமையே கிடையாது. குட்டு என்ற கோதுமையல்லாத விதையின் மாவில் பூரி, சிங்காரா என்ற நீர்க்காயின் மாவு, குதிரைவாலி, ஜவ்வரிசிக் கிச்சடி. கோதுமை பட்டால் விரதம் கெட்டுவிடும் என்று அவர்களுக்கே பயம் இருப்பதால் பல கடைகளில் எண்ணெய்கூடப் புதிது. நான் சொன்னால் கேட்காதவன், சாமி என்றால் கேட்கிறான். தனி அடுப்படியா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டு மாவு புதிதாக இருக்கிற, கூட்டம் உள்ள கடையாகப் பாருங்கள். பழைய மாவால் வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் செய்தி அவ்வப்போது வரும்.

சாம்பாருக்கு, வீட்டில் செய்ததைச் சின்ன ஃப்ளாஸ்கில் கொண்டுபோய்விடுவேன். கடையில் இட்லி மட்டும். வெட்கம் இரண்டு தடவைதான், அப்புறம் பழகிவிடும்.

---

அடுப்படிக்காரன்:

லேப் கோட் தங்கச்சி கணக்கை முதலாளியிடம் காட்டினேன். முழுசாகப் படித்தார். மெனுவில் எழுதமாட்டேன், எழுதினால் நாளைக்குக் கேஸ் போடுவார்கள் என்றார். அதுவும் அவருக்கு ஒரு நியாயம். ஆனால் சின்னக் கல் ஒன்று பரணில் கிடக்கிறது, ஆப்பத்துக்கு வாங்கி ஓடாமல் போட்டது. அதைத் தேய்த்து எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தோசைத்திருப்பியும் தனியாக வைத்துவிடுகிறேன்.

கல்லில் வேறு எதுவும் ஊற்றமாட்டேன், அது என் பொறுப்பு. மாவு தினமும் நானே அரைப்பது: அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம். மசாலாக் கிழங்கில் பெருங்காயம் போடுவேன், அதனால் குழந்தைக்கு நெய் ரோஸ்ட்டோ வெறும் தோசையோதான். சட்னி தாளிக்காமல் தனியாக எடுத்து வைக்கிறேன், தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய், உப்பு மட்டும். சாம்பார் வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வராதீர்கள். கூட்டத்தில் பையன்கள் எந்தக் கரண்டியை எதில் விடுவார்கள் என்று என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நடு வாரத்தில் மத்தியானம் மூன்றிலிருந்து நாலரை வரை அடுப்படி சும்மாதான் இருக்கும். வருவதற்கு முன்னால் இங்கே உள்பெட்டியில் ஒரு செய்தி போடுங்கள்.

---

மயூர்விஹார் அம்மா:

அண்ணா, புதன்கிழமை ஸ்கூல் இரண்டரைக்கு விடுகிறது. மெட்ரோ பிடித்து மூன்றரைக்குள் வந்துவிடுவோம். ரத்தப் பரிசோதனை அடுத்த மாதம் இருக்கிறது, அதுவரை வெளிச்சாப்பாடு இந்த ஒரு தடவைதான் என்று டயட்டீஷியன் சொல்லியிருக்கிறார். மாவையும் கல்லையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நெய் அதிகமாகவே ஊற்றுங்கள். அவளுக்குக் கலோரி எவ்வளவு ஏறினாலும் நல்லதுதான்.

---

அடுப்படிக்காரன்:

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, உள்ளேயே வந்து பாருங்கள். மூன்றேகாலுக்குக் கல்லைக் காயவைத்துவிடுகிறேன்.